இணையமும் காவலும்



பள்ளியில் 35 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அவற்றுள் பெரும்பகுதி, மாணவர் எழுதிய விடைத்தாள்களில் சிவப்பு மையால் பிழை திருத்துவதிலேயே கழிந்தது. ரகரமும் றகரமும் மயங்கினால் மதிப்பெண் குறைப்பேன். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் வட்டமிடுவேன். அத்தகைய நான் ஒருநாள் மாலை ஒரே ஒரு முகவரியைக் கவனமாகப் படிக்கத் தவறியமையால், ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த 48,000 ரூபாயை இழந்தேன். அம்முகவரி கடித உறையின்மேல் எழுதப்பட்டதன்று. கைப்பேசியின் திரையில் தோன்றியது. இன்று உங்களோடு பேச முன்வந்ததற்கு அந்த நிகழ்ச்சியே காரணம்.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை ஏழு மணியளவில் என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் வங்கிக் கணக்கின் விவரங்கள் புதுப்பிக்கப்படவில்லை என்றும், அன்றிரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. கீழே ஒரு லிங்க் இருந்தது. அதனைத் தொட்டேன். வங்கியின் பக்கத்தைப் போன்றே ஒரு பக்கம் திறந்தது. பயனர் பெயரை எழுதினேன், கடவுச்சொல்லை எழுதினேன், சற்று நேரத்தில் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் அது கேட்டது, அதனையும் எழுதினேன். பணம் போயிற்று.

வெட்கத்தால் அன்றிரவு வீட்டில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. மறுநாள் காலை, முன்பு என்னிடம் பயின்று இப்போது கணினித் துறையில் பணிபுரியும் மாணவர் ஒருவர் தற்செயலாக வீட்டிற்கு வந்தார். அவரிடம்தான் வாய் திறந்தேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. “சார், அந்த முகவரியைக் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்” என்றார். படித்தேன். பின்னர் அவர் டொமைன் என்றார், டி.என்.எஸ். என்றார், ஃபிஷிங் என்றார். அவையெல்லாம் நான் செய்தித்தாளில் நாள்தோறும் கண்ட சொற்களே. ஆயினும் அவற்றுள் ஒன்றின் பொருளையேனும் என்னால் அவருக்கு எடுத்துரைக்க முடியவில்லை. அன்று தொடங்கி, என் மாணவரிடமே மாணவனாக இருந்து அச்சொற்களைக் கற்றேன். கற்றவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்கு ஒரு நெறியை வற்புறுத்திக் கூறுவார்கள். தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கித் தெரியாத ஒன்றுக்குச் செல்ல வேண்டும் என்பது அந்நெறி. இணையத்தை அறிவதற்கு நமக்கு நன்கு தெரிந்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் தபால். கடிதம், முகவரி, அஞ்சலகம், அஞ்சல்காரர் ஆகிய இவற்றை மனத்தில் இருத்திக்கொண்டால் இன்றைய பாடத்தில் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

முதலில் நெட்வொர்க் என்பது யாது? ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளுமாறு இணைக்கப்பட்ட கணினிகளின் கூட்டமே நெட்வொர்க். தமிழில் வலையமைப்பு என்கிறோம். உங்கள் பள்ளியின் கணினி அறையிலுள்ள பொறிகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால் அது ஒரு சிறிய வலையமைப்பு. அத்தகைய எண்ணற்ற வலையமைப்புகள் நிலத்தடிக் கம்பிகளாலும், கடலடிக் கம்பிகளாலும், வானலைகளாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டபோது அது இணையம் எனப் பெயர் பெற்றது. நம் சென்னைக் கடற்கரையிலும் அத்தகைய கடலடிக் கம்பிகள் கரையேறுகின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஒரு கம்பி 2002ஆம் ஆண்டில் போடப்பட்டது.

இதன் தொடக்கம் மிகச் சிறியது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக் கணினி ஒன்றிலிருந்து, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. ‘லாகின்’ என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். ‘எல்’ சென்றது, ‘ஓ’ சென்றது, மூன்றாம் எழுத்தில் மறுமுனைப் பொறி செயலற்றுப் போயிற்று. ஆர்ப்பாநெட் என்னும் அந்த வலையமைப்பின் முதற் பேச்சு இரண்டே எழுத்துகள்! குழந்தையின் முதல் மழலையும் அவ்வளவுதானே?

அந்த நாளில் வலையில் இருந்தோர் சிலரே. பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஆராய்ச்சி மாணவருமாக, ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அவர்கள். ஆதலால் செய்தி தவறாது போய்ச் சேர்வதற்கே வழி வகுத்தார்கள். அனுப்புகிறவர் நல்லவரா என்று சோதிப்பதற்கு வழி வகுக்கவில்லை. இந்த ஒரு செய்தியை நன்றாக நினைவிற் கொள்ளுங்கள். உறையின் பின்புறம் அனுப்புநர் என்று எழுதியிருக்கும் பெயர் மெய்யா பொய்யா என்று அஞ்சல்காரர் ஆராய்வதில்லை. கொண்டுவந்து சேர்ப்பது அவர் கடமை. ஆராய்வது நம் கடமை. இணையமும் அப்படியே.

இனி, செய்தி எவ்வாறு செல்கிறது என்று காண்போம். நீங்கள் ஒரு பெரிய நூலை நண்பருக்கு அஞ்சலட்டைகளில் எழுதி அனுப்புவதாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் நண்பரின் முகவரி இருக்கும். முதல் அட்டை, இரண்டாம் அட்டை என வரிசை எண்ணும் இருக்கும். சில அட்டைகள் ஒரு ரயிலிலும் சில வேறொரு ரயிலிலும் போகலாம். முன்பின்னாக வந்து சேர்ந்தாலும் நண்பர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார். ஓர் அட்டை குறைந்தால் திரும்ப அனுப்புமாறு கேட்பார். இணையத்திலும் செய்தி இவ்வாறே சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. அத்துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸும் தனித்தனியே இம்முறையைச் சிந்தித்தார்கள். பாக்கெட் என்ற பெயரைச் சூட்டியவர் டேவிஸ்.

பாக்கெட்டுகளை எவ்வாறு அடுக்குவது, குறைந்ததை எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பதற்கு இரு முனையிலும் ஒரே விதி வேண்டும். அவ்விதிக்கு ப்ரோட்டோகால் என்று பெயர். வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறையிலிருந்து வளர்ந்ததே இன்றைய டி.சி.பி., ஐ.பி. என்னும் விதிகள். 1983 ஜனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் அவ்விதிக்கு மாறிற்று.

பாக்கெட்டின்மேல் எழுதப்படும் முகவரியே ஐ.பி. முகவரி. அது எண்ணால் ஆனது. பழைய முறையில் அது 32 இருநிலை இலக்கங்கள் கொண்டது. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1 ஆதலால், மொத்தம் 429 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் கிடைக்கும். தொடக்கத்தில் இஃது எக்காலத்துக்கும் போதும் என்று தோன்றியது. உலக மக்கள்தொகை 800 கோடியைக் கடந்துவிட்ட இந்நாளில் அது போதாமற் போனதில் வியப்பில்லை. எனவே 128 இலக்கங்கள் கொண்ட புதிய முறையும் வகுக்கப்பட்டு, இரண்டும் இன்று வழக்கில் உள்ளன.

முகவரி பார்த்துப் பாக்கெட்டை அடுத்த இடத்திற்கு அனுப்பும் கருவி ரவுட்டர். ரயில் நிலையத்தில் அஞ்சல் பைகளைப் பிரித்து, இது மதுரைக்கு, இது கோவைக்கு என்று ஏற்றுபவரைப் போன்றது அது. வீட்டில் ஒரு மூலையில் சிறு விளக்குகள் மின்ன இருக்கிறதே, அதுவும் ஒரு ரவுட்டர்தான். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மாணவர் விடுதிக்கு வெளியுலகில் ஒரே முகவரி; வரும் கடிதங்களை விடுதிக் காப்பாளர் அறைவாரியாகப் பிரித்துக் கொடுப்பார். அதுபோல, வீட்டிலுள்ள கைப்பேசிகள் பலவாயினும் வெளியே ஒரே முகவரியைக் காட்டி, வந்ததை உரியவருக்குச் சேர்ப்பிக்கிறது வீட்டு ரவுட்டர். அந்தக் காப்பாளரிடம் வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டுவைத்தல், விடுதியின் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு உறங்குவதை ஒக்கும்.

எண்களை மனிதர் நினைவிற் கொள்ள இயலுமா? இயலாது. ஆகவே எண்ணுக்குப் பதில் பெயரை வழங்குகிறோம். அப்பெயரே டொமைன் பெயர். தொடக்கத்தில் பெயர்களும் எண்களும் கொண்ட பட்டியல் ஒன்றை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பேணி வந்தார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்தப் பட்டியல் தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பட்டியலைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டை வகுத்தார். அதுவே டி.என்.எஸ். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியவுடன், அப்பெயருக்குரிய எண் யாது என்று உங்கள் பொறி இவ்வேற்பாட்டினிடம் கேட்டறிந்து, பிறகே அவ்விடத்துக்குச் செல்கிறது.

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். டொமைன் பெயரில் புள்ளிகள் இருக்கும். அவற்றை எத்திசையில் படிக்க வேண்டும்? நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். ஆனால் அதிகாரம் வலப்புறத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு கடித உறையை நினையுங்கள். ‘காந்தி தெரு’ என்று முதலில் எழுதுகிறோம்; ஊரின் பெயரைக் கடைசியில் எழுதுகிறோம். காந்தி தெரு பல ஊர்களில் உண்டு. கடிதம் கும்பகோணத்துக் காந்தி தெருவுக்கா, காரைக்குடிக் காந்தி தெருவுக்கா என்று தீர்மானிப்பது ஊர்ப் பெயரே. நான் தொட்ட முகவரியில் முதலில் என் வங்கியின் பெயர் பிழையின்றி இருந்தது. அதன்பின் ஒரு புள்ளி. அதன்பின் நான் கேள்வியுறாத ஒரு பெயர். அதன்பின் மற்றொரு புள்ளியும் ‘காம்’ என்னும் ஈறும். அந்த ஈற்றுக்கு முன்னால் நின்ற அயற்பெயருக்கு உரியவனே அப்பக்கத்தின் சொந்தக்காரன். தன் ஊரில் ஒரு தெருவுக்கு என் வங்கியின் பெயரை அவன் இட்டிருந்தான். தெருப் பெயரைக் கண்டு ஊரை மறந்தேன் நான்.

“ஆனால் பூட்டுப் படம் இருந்ததே அப்பா!” என்று என் மாணவரிடம் வாதாடினேன். முகவரிக்கு அருகே சிறு பூட்டுப் படம் இருந்தால் அது பாதுகாப்பான பக்கம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அவர் விளக்கியதை உங்களுக்கும் விளக்குகிறேன்.

சிறுவர்கள் விளையாட்டாகப் பேசும் ‘க’ பாஷையை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன் ‘க’ சேர்த்துப் பேசுவார்கள். விதி அறியாதவருக்கு விளங்காது. செய்தியை இவ்வாறு பிறர்க்கு விளங்காதபடி மாற்றுவதே குறியாக்கம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பேசும் இருவரும் விதியை முன்கூட்டியே தம்முள் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். முன்பின் கண்டிராத இருவர், பலரும் ஒட்டுக் கேட்கும் வழியில் எவ்வாறு இரகசியம் பேசுவது? 1976ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் இதற்கு விடை கண்டார்கள். திறந்த பூட்டுகளை ஊரெங்கும் கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வதாக எண்ணிப் பாருங்கள். எவரும் பெட்டியைப் பூட்டி உங்களுக்கு அனுப்பலாம். திறக்க உங்களால் மட்டுமே முடியும். இக்கருத்தை ஒட்டி 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் வகுத்த முறை, பகா எண்களை அடிப்படையாகக் கொண்டது. 53ஐ 97ஆல் பெருக்கினால் 5141 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். 5141 என்பதைக் கொடுத்து, எந்த இரு பகா எண்களின் பெருக்கம் இது என்று கேட்டால் சற்றுத் திகைப்பீர்கள். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணாயின், இன்றைய கணினிகளே திகைத்து நின்றுவிடும். அந்தத் திகைப்பே அப்பூட்டின் வலிமை.

பூட்டுப் படத்தின் பொருள் இப்போது விளங்கும். உங்களுக்கும் அப்பக்கத்துக்கும் இடையே நடைபெறும் பேச்சை வழியில் உள்ளோர் படிக்க முடியாது. முகவரியில் கண்ட டொமைனோடுதான் நீங்கள் பேசுகிறீர்கள். இவ்வளவே அதன் பொருள். அந்த டொமைனுக்கு உரியவன் நேர்மையானவன் என்று அது உறுதி கூறவில்லை. கள்வனோடும் காதோடு காதாக இரகசியம் பேசலாம் அன்றோ? நான் அதைத்தான் செய்தேன்.

அடுத்து, வாயில்களைப் பற்றிச் சொல்கிறேன். பிறருக்குச் செய்தி வழங்கும் கணினிக்கு சர்வர் என்று பெயர். அது ஓர் அலுவலகக் கட்டடம் போன்றது. சான்றிதழுக்கு ஒரு ஜன்னல், வரி கட்ட ஒரு ஜன்னல் என்றிருப்பதுபோல, ஒரே முகவரியில் பல வாயில்கள் உண்டு. அவ்வாயில்களுக்கு போர்ட் என்று பெயர். 0 முதல் 65,535 வரை அவற்றுக்கு எண் உண்டு. குறியாக்கம் செய்த இணையப் பக்கங்கள் வழக்கமாக 443ஆம் வாயிலில் வழங்கப்படுகின்றன. எந்த வாயிலில் எவரை விடலாம், எவரை விடலாகாது என்று விதி வகுத்துக் காப்பதே ஃபயர்வால். அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே தீப் பரவாமல் எழுப்பும் சுவரைக் குறித்த சொல் அது. தேவையற்ற வாயில்களை அது மூடிவைக்கும். ஆனால் வீட்டுக்காரரே எழுந்து சென்று கதவைத் திறந்து விருந்தினரை அழைப்பாராயின், காவற்காரர் பெரும்பாலும் தடுக்கமாட்டார்.

தீங்கு செய்வதற்காகவே எழுதப்பட்ட மென்பொருள்களுக்குப் பொதுப் பெயர் மால்வேர். அதன் இனங்கள் பல. வேறொரு மென்பொருளில் ஒட்டிக்கொண்டு, அது இயங்கும்போது தானும் இயங்கிப் பெருகுவது வைரஸ். பிறர் துணையின்றித் தானே கணினிக்குக் கணினி ஊர்ந்து செல்வது வோர்ம், அதாவது புழு. நல்ல பொருள்போல் வேடமிட்டு நுழைவது ட்ரோஜன். மரக்குதிரைக்குள் வீரரை ஒளித்து வைத்துப் பகைவர் கோட்டைக்குள் அனுப்பிய கிரேக்கக் கதையிலிருந்து வந்த பெயர் அது.

புழுவின் கதை ஒன்று மாணவர்களாகிய உங்களுக்குப் பாடமாகும். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவராயிருந்த ராபர்ட் மோரிஸ் என்பவர் ஒரு புழுவை வலையில் விட்டார். அது ஒரே கணினியில் மீண்டும் மீண்டும் புகுந்து அதனை மூச்சுத் திணற வைத்தது. அந்நாளில் இணையத்தில் இருந்தவை ஏறத்தாழ 60,000 கணினிகள் என்றும், அவற்றுள் 6,000 அளவுக்குப் பாதிக்கப்பட்டன என்றும் மதிப்பிட்டார்கள். நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. அறிவு மிகுந்தவர்தான் அவர். பின்னாளில் பேராசிரியராகவும் விளங்கினார். ஆயினும் விட்ட அம்பைத் திரும்பப் பெற அவராலும் இயலவில்லை. அந்தப் புழு கணினிகளுக்குள் புகுந்த வழிகளுள் ஒன்று எது தெரியுமா? மக்கள் வழக்கமாகக் கடவுச்சொல்லாக வைக்கும் 432 சொற்களின் பட்டியல் ஒன்று அதனிடம் இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. பல இடங்களில் கதவு திறந்தது.

கடவுச்சொல்லின் கணக்கை இங்கே பார்த்துவிடுவோம். நான்கு இலக்க எண்ணாயின் 10,000 வகையே உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டைக் கண்டபடி அடுக்கினால் 20,000 கோடிக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. எட்டைப் பன்னிரண்டாக்கினால், அத்தொகை மேலும் 4,56,976 மடங்காகும். ஆகவே நீளமே வலிமை. ஆனால் இக்கணக்கெல்லாம் கண்டபடி அடுக்கினால்தான். உங்கள் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து வைத்தால், கள்வன் கோடி முறை முயல வேண்டியதில்லை. ஒரு சில முறை முயன்றால் போதும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். ஓரிடத்தில் வைத்ததை வேறிடத்தில் வையாதீர்கள். வீட்டுக்கும் கடைக்கும் பெட்டிக்கும் ஒரே சாவி வைத்திருப்பவர், அது தொலைந்தால் மூன்றையும் இழப்பார்.

பணத்தைப் பிணையாகக் கேட்கும் மால்வேரும் உண்டு. அதற்கு ரான்சம்வேர் என்று பெயர். முன்னர்க் கூறிய குறியாக்கம் நல்லோர் கையில் காவல். தீயோர் கையில் அதுவே கொடுமை. உங்கள் கோப்புகளை அவன் தன் பூட்டால் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்பான். 2017 மே 12ஆம் நாள் ‘வான்னாக்ரை’ என்னும் இத்தகைய புழு பரவி, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இட்டவர் பிழைத்தனர், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப் போட்டவர் அகப்பட்டனர். அப்டேட் செய்க என்று உங்கள் கருவி கேட்கும்போது, கூரையின் ஓட்டையை மழைக்கு முன் அடைக்கச் சொல்கிறது என்று கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு படி எடுத்துத் தனியே வைத்தலும் வேண்டும். அதற்கு பேக்கப் என்று பெயர்.

இறுதியாக, என்னை வீழ்த்திய ஃபிஷிங் என்னும் சொல்லுக்கு வருகிறேன். தூண்டிலில் இரை வைத்து மீன் பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தழுவியது அது. இங்கே உடைபடுவது பொறியன்று, மனிதரின் நிதானம். அத்தூண்டிலில் பெரும்பாலும் இரண்டு இரைகளைக் காணலாம். ஒன்று ஆசை: பரிசு விழுந்தது, வேலை காத்திருக்கிறது என்னும். மற்றொன்று அச்சம்: கணக்கு முடங்கும், மின்சாரம் துண்டிக்கப்படும், வழக்கு வரும் என்னும். இரண்டிலும் ‘உடனே’ என்ற சொல் ஒளிந்திருக்கும். அந்த ‘உடனே’ என்னும் சொல்லே முள்.

வங்கிகள் இதனை அறிந்தே இரட்டைப் பூட்டு வைத்தன. ஒன்று நீங்கள் அறிந்த கடவுச்சொல். மற்றொன்று உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண். அது சில நிமிடங்களே செல்லும். முதற் சாவியைத் திருடியவனிடமும் இரண்டாம் சாவி இருக்காது. நானோ என் கையாலேயே இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். எந்த வங்கி ஊழியருக்கும் அந்த எண் தேவையில்லை. கேட்பவர் எவராயினும் கொடுக்காதீர்கள். கைப்பேசி வழியே பணம் பெறுவதற்கு பின் எண்ணை இட வேண்டியதில்லை என்பதையும் அறிந்து வையுங்கள். பணம் அனுப்புவதற்கே அது வேண்டும்.

என் பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று காலை என் மாணவர் முதலில் செய்தது, 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் கொடுத்ததே. இணையவழிப் பணமோசடிக்கென மத்திய அரசு அமைத்துள்ள உதவி எண் அது. வங்கிக்கும் தெரிவித்தோம், கடவுச்சொல்லை மாற்றினோம். கள்வர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அது வெளியேறுமுன் தகவல் சென்றால் நிறுத்தி வைக்க வழியுண்டு. என் பணத்தில் 17,000 ரூபாய் ஒரு கணக்கில் எஞ்சியிருந்தது. சில மாதங்களுக்குப் பின் அது திரும்பக் கிடைத்தது. மற்றது இரவிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. முகவரியைப் படிக்காதது முதற் பிழை. வெட்கப்பட்டு ஓர் இரவு வாய் மூடியிருந்தது இரண்டாம் பிழை. எனக்கு அதிக நட்டம் விளைத்தது இரண்டாம் பிழையே.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்களை நான் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். இன்று சொன்ன சொற்களை நீங்கள் என்னைவிட விரைவில் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ, தம் சேமிப்பைக் கைப்பேசிக்குள் வைத்துக்கொண்டு, புரியாத சொற்களுக்கிடையே வாழ்கிறார்கள். அவர்களுக்கு இச்சொற்களைத் தெரிந்த உவமையால் எடுத்துரையுங்கள். ஊர்ப் பெயரைக் கடைசியில் பார் என்று முகவரி படிக்கக் கற்றுக் கொடுங்கள். 1930 என்னும் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அவர்கள் ஏமாந்து போனால், “இதுகூடத் தெரியவில்லையா?” என்று கேட்காதீர்கள். அக்கேள்விக்கு அஞ்சியே நான் ஓர் இரவு முழுதும் மறைத்தேன். என் மாணவர் அக்கேள்வியைக் கேட்காததனால்தான் எஞ்சியதாவது மிஞ்சிற்று.

ஆசிரியப் பணியில் பல்லாயிரம் பிழைகளைத் திருத்தியவன் நான். என் பிழையை என் மாணவர் திருத்தினார். அதில் எனக்குச் சிறுமையில்லை, பெருமையே.